ஹிக்கின்ஸ் பாகவதர்

பிரெஞ்சுப் பாடகி மிரேய் மாத்தியூ, செர்மானிய மொழியில் பாடி அந்நாட்டு மக்களின் அன்பைப் பெற்றவர். அயல்மொழிச் சொற்களை அவர் நாவிற்குப் பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பயின்ற இசைமுறையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மொழியோடு இசைமுறையையும் புதிதாகக் கற்று, அவ்விசைக்கு உரியவர்கள் முன்னிலையிலேயே அமர்ந்து பாடுவது எத்துணை அரிது! அதனைச் செய்து காட்டியவர் ஜான் ஹிக்கின்ஸ்.

1939ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த ஹிக்கின்ஸ், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசையும் வரலாறும் பயின்றார். அங்கு மிருதங்கக் கலைஞர் தி. இரங்கநாதனின் வழியே கருநாடக இசை அவருக்கு அறிமுகமாயிற்று. பின்னர் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்து, இரங்கநாதனின் தம்பியும் குழலிசைக் கலைஞருமான தி. விசுவநாதனிடம் பாடக் கற்றார். இவ்விருவரும் வீணை தனம்மாளின் பேரர்கள். நடனமேதை பாலசரசுவதியின் உடன்பிறந்தோர். பதங்களை விரைவின்றிப் பாடும் மரபு அவர்களுடையது. அயல்நாட்டு மாணவர் ஒருவருக்கு இதனினும் கடினமான பள்ளி வாய்த்திருக்க முடியாது.

கடினம் எங்கிருந்தது? பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் எழும் சுரம் ஓரிடத்தில் நிற்கும். கருநாடக இசையிலோ சட்சமும் பஞ்சமமும் நிலையாக நிற்க, ஏனைய சுரங்கள் இராகத்திற்கேற்ப அசையும். அவ்வசைவே கமகம். தோடியின் காந்தாரத்தைத் தாளில் எழுதிவிடலாம். எழுதியதைப் பார்த்துப் பாடினால் தோடி வாராது. ஆசிரியர் பாடக் கேட்டு, திரும்பப் பாடி, திருத்தம் பெற்றே அது தொண்டையில் படியும். தெலுங்கு, தமிழ், வடமொழி ஒலிகளையும் உடன் கற்க வேண்டியிருந்தது.

திருவையாற்றில் தியாகராசர் ஆராதனையில் ஹிக்கின்ஸ் பாடினார். தொடக்கத்தில் வேட்டியணிந்த வெள்ளையரைக் காணும் வியப்பே பலரை அரங்கிற்கு அழைத்து வந்திருக்கலாம். வியப்பு இரண்டாம் கச்சேரிக்குள் தீர்ந்துவிடும் இயல்புடையது. அதன்பின்னரும் சென்னைச் சுவைஞர்கள் அவரைத் தேடி வந்தனர். ‘பாகவதர்’ என்னும் பட்டத்தையும் அவர் பெயரோடு சேர்த்தனர். எளிதில் நிறைவடையாத அவையினர் அவர்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

1971இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில், மிருதங்கக் கலைஞர் திருச்சி சங்கரனுடன் இணைந்து இந்திய இசைக் கல்வியைத் தொடங்கினார். பரதநாட்டிய இசை குறித்து ஆய்ந்து 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் வெஸ்லியனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். 1984 திசம்பர் 7 அன்று சாலையில் நடந்து சென்றபோது மகிழுந்து மோதி உயிரிழந்தார். அப்போது அவருக்கு அகவை 45.

அவர் பாடிய தியாகராசரின் ‘எந்தரோ மகானுபாவுலு’ பதிவு இன்றும் கிடைக்கிறது. பாடுபவர் யாரெனச் சொல்லாமல், இசையறிந்த பெரியவர் ஒருவரை முதலில் அதனைக் கேட்கச் செய்யுங்கள். பெயரைப் பிறகு கூறலாம்.