நீரே அரண்: மூன்ஸ்டர்லாந்தின் அகழி மனைகள்

கோட்டை என்றதும் நம்மவர் மனதில் செஞ்சியைப் போல மலையும் மதிலுமே தோன்றும். ஆனால் 'அரண்' அதிகாரத்தில் அரணுக்குரியவற்றை வரிசைப்படுத்தும் வள்ளுவர், மலைக்கு முன்னதாக நீரைத்தான் வைக்கிறார். ஜேர்மனியின் வடமேற்கில் உள்ள மூன்ஸ்டர்லாந்தில் பயணம் செய்யும்போதெல்லாம் அவ்வரிசை எனக்கு நினைவுக்கு வரும்.

மூன்ஸ்டர்லாந்து பெரும்பாலும் சமவெளி. சற்றுத் தோண்டினாலே நீர் ஊறும் இடங்கள் இங்கு அதிகம். குன்று கிடைக்காத மத்தியகால நிலப்பிரபுக்கள், மனையைச் சுற்றி அகழி வெட்டி, எடுத்த மண்ணை நடுவே கொட்டி மேடாக்கினர். இத்தகைய மனையை 'வாசர்பூர்க்', அதாவது நீர்க்கோட்டை என்பர். அகழிக்கு வட்டார வழக்கில் 'கிரெஃப்டே' என்று பெயர். நம் 'அகழி' அகழ்தலில் பிறந்ததுபோல, இதுவும் தோண்டுதலைக் குறிக்கும் சொல்லின் வழிவந்ததே.

லூடிங்ஹவுசன் ஊரிலுள்ள ஃபிஷரிங் கோட்டை இதற்கு நல்ல சான்று. அவ்வூர்ப் பிரபுக்களை அடக்கிவைக்க, மூன்ஸ்டர் ஆயர் கெர்ஹார்ட் ஃபொன் டெர் மார்க் 1271இல் இதனை நிறுவினார். 1521இல் தீக்கிரையான பின் மீண்டும் கட்டப்பட்டது. ஸ்டேவர் ஆற்றின் நீர் இன்றும் அதனைச் சூழ்ந்துள்ளது.

பிரபுக்கள் மட்டுமல்ல, வசதியுள்ள விவசாயிகளும் தம் பண்ணைகளைச் சுற்றி அகழி வெட்டினர். இங்கிலாந்திலும் இவ்வாறான அகழி மனைகளின் தடங்கள் 5000க்கும் மேல் உள்ளன. பீரங்கியின் முன் அகழி பெரிய தடையல்ல. ஆயினும் கள்வரைத் தடுக்கவும், மீன் வளர்க்கவும், குடும்பத்தின் மதிப்பைக் காட்டவும் அது பயன்பட்டது.

இலக்கிய ஆர்வலர் அறியவேண்டிய மனை ஹூல்ஸ்ஹோஃப். ஜேர்மன் மொழியின் பெருங்கவிஞர்களுள் ஒருவரான அனெட்டே ஃபொன் டிரோஸ்டே-ஹூல்ஸ்ஹோஃப் 1797இல் இங்குதான் பிறந்தார். யூரோ வருமுன் புழங்கிய 20 மார்க் தாளில் இருந்த பெண்முகம் இவருடையதே. தந்தை இறந்தபின் 1826இல் அவர் குடிபெயர்ந்த ரூஷ்ஹவுஸும் அகழி சூழ்ந்ததே. சதுப்பும் குளமும் அவர் கவிதைகளில் நிறைந்திருப்பதற்கு இந்நிலமே காரணம் எனலாம்.

இம்மனைகள் பல, ஈரநிலத்தில் அறையப்பட்ட ஓக் மரத் தூண்களின் மேல் நிற்கின்றன. நீரில் மூழ்கியிருக்கும்வரை அம்மரம் பல நூற்றாண்டுகள் கெடாது. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் உளுத்துப்போகும், மேலுள்ள சுவர் விரிசல் காணும். அதனால்தான் 2018இல் வந்ததுபோன்ற வறண்ட கோடைகள் இவற்றுக்கு ஆபத்தானவை. பகைவரைத் தடுக்க வெட்டிய அகழி வற்றினால், இன்று முதலில் ஆட்டம் காண்பது அந்த வீடுதான்.