ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து எழுப்பிய கலைக் கிராமம்

"படம் வரைந்தால் பிழைக்க முடியுமா, சார்?" நன்றாக வரையும் மாணவரின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. 1960களில் சென்னைக் கலைப் பள்ளியிலும் இதே கேள்வி எழுந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அப்பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி.

அங்கே படித்து முடித்தவர்கள் ஓவியத்தை மட்டும் நம்பி வாழ்வது கடினமாக இருந்தது. வேறு வேலைக்குப் போனாலோ, வரையும் பழக்கம் விட்டுப்போகும். முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் அறிவுரையோடு நிற்கவில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அவற்றுள் முக்கியமானது பாத்திக். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகை நீக்கியதும் ஓவியம் தெரியும்.

அந்த விற்பனைப் பணம் நிலம் வாங்க உதவியது. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர்கள் கிராமம் உருவானது. கைவினை வீட்டுச் செலவைத் தாங்கியதால், வாங்குபவரின் விருப்பத்துக்காக ஓவியத்தை மாற்ற வேண்டிய நெருக்கடி குறைந்தது.

ஆசிரியர் தாமும் வேலையில் உட்கார்ந்ததுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. துணிப்பை, வாழ்த்து அட்டை, மண் விளக்கு என ஏதேனும் ஒன்றை வகுப்போடு சேர்ந்து நாமும் செய்யலாம். பொருள் செலவு, உழைத்த நேரம், விற்கும் விலை ஆகியவற்றை மாணவர்களே கணக்கிடட்டும். கைத்திறனுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை அவர்கள் தம் கணக்கிலிருந்தே அறிந்துகொள்வார்கள்.