ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைக் காக்கும் இரண்டு இயக்குநீர்கள்

மாணவர்களே, உங்கள் உடலில் ஓடும் இரத்தம் முழுவதிலும் எவ்வளவு சர்க்கரை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு குவளையா, அரைக் குவளையா?

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. வெறும் வயிற்றில் இருக்கும்போது அதில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் 4 முதல் 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி அளவு, அவ்வளவே.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. மணிக்கு 5 கிராம்! அப்படியானால் இரத்தத்தில் உள்ள சர்க்கரை ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட வேண்டும். ஆனால், இரவு எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் தூங்கி எழுகிறீர்கள். மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். ஓய்வு நேரத்தில் 320 மில்லிலிட்டர் கேஸ் பானம் ஒரு டின் குடிக்கிறீர்கள். அதில் 30 கிராமுக்கும் மேல் சீனி இருக்கலாம். குடலில் அந்தச் சீனி குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிகிறது. பாதிதான் குளுக்கோஸ் என்றாலும் 15 கிராம். இரத்தத்தில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு புதிதாக வந்து சேர்கிறது. ஆனாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

செலவானாலும் குறைவதில்லை; வந்து கொட்டினாலும் நிரம்பி வழிவதில்லை. இந்தக் கணக்கைச் சரியாக வைத்திருப்பவை இரண்டு இயக்குநீர்கள்.

குழாய் இல்லாத சுரப்பிகள்

உடலில் இரண்டு வகைச் சுரப்பிகள் உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி போன்றவை தாம் சுரப்பதை ஒரு சிறு குழாய் வழியாக உரிய இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன. தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல் போன்றவற்றுக்கு அப்படிக் குழாய் இல்லை. அவை சுரப்பது நேரே இரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகிறது. ஆகவே, இவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்கிறோம். அவை சுரக்கும் பொருளே ஹார்மோன். 1905ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ‘தூண்டி இயக்குவது’ என்னும் பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. தமிழில் இயக்குநீர் என்று சொல்வது அதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

இரத்தம் எல்லா இடத்துக்கும் போகிறது என்றால், ஓர் இயக்குநீருக்கு எல்லா உயிரணுக்களும் பணிந்துவிடுமா? இல்லை. ஒவ்வோர் இயக்குநீருக்கும் பொருத்தமான ஏற்பி என்ற புரதம் உண்டு. அந்த ஏற்பி உள்ள உயிரணு மட்டுமே செய்தியைப் பெறும். மற்றவற்றைக் கடந்து அது சும்மா போய்விடும். ஒரே வானொலி அலை எல்லா வீட்டையும் கடந்து போனாலும், அந்த அலைவரிசையைத் திறந்து வைத்த வீட்டில்தானே பாட்டுக் கேட்கிறது?

கணையத்தில் உள்ள திட்டுகள்

இரைப்பைக்குப் பின்னால் சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் படுத்திருப்பது கணையம். அதன் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரந்து குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வேறு மாதிரியான உயிரணுக்கள் சிறு சிறு திட்டுகளாக இருப்பதைக் கண்டார். அவற்றின் வேலை என்னவென்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. இன்று அவற்றை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்கிறோம். ஒரு கணையத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் திட்டுகள் இருந்தாலும், அனைத்தையும் சேர்த்தால் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான்.

அந்தத் திட்டுகளில் பீட்டா உயிரணுக்கள் இன்சுலினையும் ஆல்பா உயிரணுக்கள் குளுகோகனையும் சுரக்கின்றன.

நீங்கள் நாசி லெமாக் சாப்பிட்டதும் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. பீட்டா உயிரணுக்கள் அதை உணர்ந்து இன்சுலினை விடுவிக்கின்றன. தசை உயிரணுவின் ஏற்பியில் இன்சுலின் வந்து சேர்ந்ததும், உயிரணுவின் உள்ளே ஒதுங்கியிருந்த குளுக்கோஸ் வாயில்கள் மேற்பரப்புக்கு வருகின்றன. அவற்றின் வழியாகக் குளுக்கோஸ் உள்ளே போகிறது. கல்லீரலும் குளுக்கோஸை வாங்கி, கிளைக்கோஜன் என்ற பொருளாக்கிச் சேமிக்கிறது. கல்லீரல் ஏறக்குறைய 100 கிராம் வரை இப்படிச் சேர்த்து வைக்கும். அதற்கும் மேல் மிஞ்சுவது கொழுப்பாக மாறும்.

இரவில் இது தலைகீழாக நடக்கிறது. சர்க்கரை சற்றே இறங்கியதும் இன்சுலின் குறைகிறது. ஆல்பா உயிரணுக்கள் குளுகோகனை அனுப்புகின்றன. அது கல்லீரலிடம், ‘சேமித்ததை வெளியே விடு’ என்று சொல்கிறது. கல்லீரல் கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸை இரத்தத்தில் விடுகிறது. நீங்கள் தூங்கும்போது மூளைக்குச் சாப்பாடு போவது இப்படித்தான்.

தன் வேலையின் பலனைத் தானே பார்ப்பது

வகுப்பறைக் குளிரூட்டியை 24 பாகையில் வைத்தால் என்ன நடக்கிறது? அறை சூடானால் அது குளிர்விக்கிறது. குளிர்ந்ததும் தானே ஓய்கிறது. அறையின் வெப்பநிலைதான் அதற்குக் கட்டளை இடுகிறது.

இன்சுலினும் அப்படியே. சர்க்கரை ஏறுவதால் அது சுரக்கிறது. அதன் வேலையால் சர்க்கரை இறங்கியதும் சுரப்பது குறைகிறது. விளைவே காரணத்தைத் தணிக்கும் இந்த முறைக்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். தைராய்டைப் பிட்யூட்டரி கண்காணிப்பதும் இதே முறையில்தான். தைராய்டு இயக்குநீர் போதிய அளவு இரத்தத்தில் இருந்தால், பிட்யூட்டரி தன் தூண்டுதலைக் குறைத்துக்கொள்கிறது. நாளமில்லாச் சுரப்பிகள் பற்றிய பாடத்தில் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன், இந்த ஒரு விதியைப் புரிந்துகொள்ளுங்கள். பாதிப் பாடம் எளிதாகிவிடும்.

ஒரு பக்கம் நின்றுபோனால்

சிலருக்கு உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தவறுதலாகப் பீட்டா உயிரணுக்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இதுதான் முதல் வகை நீரிழிவு. பலருக்குச் சிறுவயதிலோ பதின்ம வயதிலோ வெளிப்படும். இனிப்பு அதிகம் தின்றதால் வருவதன்று. இன்சுலின் இல்லாததால் குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்குகிறது. லிட்டருக்கு 10 மில்லிமோல் என்ற அளவைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடிவதில்லை. சிறுநீரில் சர்க்கரை போகிறது. கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைதல், எந்நேரமும் களைப்பு ஆகியவையே இதன் அறிகுறிகள். அதோடு வாந்தியும் வேகமான மூச்சும் சேர்ந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்சுலின் ஊசி வருவதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைப்பதில்லை. கனடாவின் டொராண்டோ நகரில் பிரெடெரிக் பாண்டிங், சார்ல்ஸ் பெஸ்ட் ஆகிய இருவரும் மெக்லியோட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் 1921இல் கணையச் சாற்றை ஆராய்ந்தனர். 1922 ஜனவரி 11ஆம் நாள், சாவின் விளிம்பில் இருந்த லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்தச் சாறு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. பெரிய பலன் இல்லை. சாற்றில் அசுத்தம் இருந்தது. ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் அதைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் ஊசி போட்டார்கள். இம்முறை சர்க்கரை இறங்கியது. தாம்ப்சன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள் கண்டுபிடித்தவர்கள்.

இன்றும் முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலின் ஊசி கட்டாயம். ஆனால், ஊசிக்குக் குளிரூட்டிபோல் தானே ஓயத் தெரியாது. ஊசி போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை 4 மில்லிமோலுக்கும் கீழே போய்விடலாம். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு நண்பர் திடீரென்று நடுங்கி, வியர்த்து, குழம்பிப் பேசினால் தயங்காதீர்கள். மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த நீரோ அரைக் குவளை பழச்சாறோ உடனே கொடுங்கள். சீனியில்லாத ‘டயட்’ பானம் இதற்கு உதவாது. ஆசிரியரிடம் சொல்லுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999 எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

கழுத்தில் தெரியும் கறுப்பு

நம் வீடுகளில் ‘இனிப்பு நீர்’ என்று சொல்வது பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவு. இங்கே இன்சுலின் சுரக்கிறது. உயிரணுக்கள்தாம் அதைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் உரக்கக் கூவுவதுபோல் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. பல ஆண்டுகள் கழித்துப் பீட்டா உயிரணுக்கள் ஓய்ந்துபோகின்றன. மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியர்களிடையே இது மற்ற இனத்தவரைவிட அதிகம்.

இதன் முன்னறிவிப்பு சில சமயம் பள்ளி வயதிலேயே தெரியும். சிலருக்குக் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, தோல் தடித்து வெல்வெட்டுத் துணிபோல் இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் கேலி செய்வார்கள். அது அழுக்கில்லை. இரத்தத்தில் மிகுந்துவிட்ட இன்சுலின் தோல் உயிரணுக்களை வளரத் தூண்டுவதால் பெரும்பாலும் அப்படி ஆகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெட்கப்படாமல் பெற்றோரிடம் சொல்லி, கிளினிக்கில் சர்க்கரை அளவைச் சோதித்துப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் திரும்பிவர வழி இருக்கிறது.

வழி என்ன? தசை வேலை செய்யும்போது, இன்சுலின் சொல்லாமலேயே குளுக்கோஸ் வாயில்களை மேலே கொண்டுவருகிறது. ஓடுவதும் பூப்பந்து விளையாடுவதும் கணையத்தின் சுமையைக் குறைப்பது அதனால்தான். இனிப்புப் பானத்துக்குப் பதில் தண்ணீர், போதிய தூக்கம், உடல் எடையில் கவனம் ஆகியவையும் அதே வேலையைச் செய்கின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

இந்த வாரம் நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு பானத்தின் டின்னிலும் பொட்டலத்திலும் சீனி எத்தனை கிராம் என்று பாருங்கள். அதை 4ஆல் வகுத்தால் எத்தனை தேக்கரண்டி என்பது தெரிந்துவிடும். கடையில் கலக்கித் தரும் பானமாக இருந்தால், எத்தனை கரண்டி போடுகிறார் என்று எண்ணுங்கள். ஏழு நாளுக்கும் ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், உங்கள் இரத்தத்தில் இருக்கும் அந்த ஒரு தேக்கரண்டியையும் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.