பைத்தான் மொழியில் செய்திச் சுருக்கமும் கோப்புச் சரிபார்ப்புத் தொகையும்

சரிபார்ப்புத் தொகை என்பது ஒரு கோப்பில் உள்ள எல்லா பைட்டுகளையும் கொண்டு கணக்கிடப்படும் ஒரு சிறிய எண் ஆகும். கோப்பு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும்போது சிதையாமல் வந்து சேர்ந்ததா என்பதை அறிய இது உதவுகிறது. செய்திச் சுருக்கம் என்பது இதே நோக்கத்திற்கான, ஆனால் இன்னும் வலுவான ஓர் எண். தற்செயலான சிதைவை மட்டுமன்றி, வேண்டுமென்றே செய்யப்படும் மாற்றத்தையும் அது காட்டிக்கொடுக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. பைத்தான் மொழியுடன் வரும் தொகுதிகளைக் கொண்டே இவ்விரண்டையும் கணக்கிடலாம். தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை.

எளிய சரிபார்ப்புத் தொகை

எல்லா பைட்டுகளையும் கூட்டி வரும் தொகையே மிக எளிய சரிபார்ப்பு. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. "123" என்பதன் மூன்று பைட்டுகள் 49, 50, 51. அவற்றின் கூட்டுத்தொகை 150. "132" என்று இடம் மாற்றி எழுதினாலும் அதே 150தான் வரும். இடமாற்றப் பிழையை இந்த முறையால் கண்டுபிடிக்க முடியாது.

மார்க் அட்லர் 1995இல் உருவாக்கிய அட்லர்-32 முறை இக்குறையைப் போக்குகிறது. இதில் இரண்டு தொகைகள் உள்ளன. முதல் தொகை 1இல் தொடங்கும். ஒவ்வொரு பைட்டும் அதனுடன் கூட்டப்படும். இரண்டாம் தொகை 0இல் தொடங்கும். ஒவ்வொரு படியிலும் முதல் தொகையின் அப்போதைய மதிப்பு அதனுடன் கூட்டப்படும். தொகைகள் 65521ஐ எட்டினால் அந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"123"க்கு முதல் தொகை 50, 100, 151 என வளரும். இரண்டாம் தொகை 50, 150, 301 என வளரும். இரண்டாம் தொகையை 65536ஆல் பெருக்கி முதல் தொகையைக் கூட்டினால் விடை 19726487. "132"க்கு முதல் தொகை அதே 151தான். ஆனால் இரண்டாம் தொகை 302. எனவே விடை 19792023 ஆகிறது. இடமாற்றம் பிடிபட்டுவிடுகிறது.

பைத்தானின் ஸீலிப் தொகுதியில் அட்லர்-32, சி.ஆர்.சி-32 ஆகிய இரண்டிற்கும் செயற்கூறுகள் உள்ளன. ஒன்று முதல் ஒன்பது வரையான இலக்கங்களை வரிசையாக எழுதி அதன் சி.ஆர்.சி-32 மதிப்பைக் கேட்டால் 3421780262 என்ற விடை வரவேண்டும். ஒரு நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க உலகெங்கும் பயன்படும் சோதனை மதிப்பு இது. ஜிப் கோப்புகளிலும் பி.என்.ஜி. படங்களிலும் உள்ளே இருப்பது சி.ஆர்.சி-32தான்.

32 பிட் எண்ணுக்கு ஏறத்தாழ 429 கோடி மதிப்புகளே உண்டு. சுமார் 77 ஆயிரம் கோப்புகளைச் சேர்த்தாலே, அவற்றுள் ஏதேனும் இரண்டு ஒரே மதிப்பைப் பெறும் வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆகிவிடுகிறது. விரும்பிய மதிப்பு வருமாறு கோப்பைத் திருத்துவதும் எளிது. எனவே இம்முறைகள் கம்பியில் நேரும் பிழைக்குப் போதும். ஏமாற்றுபவனைத் தடுக்கப் போதாது.

செய்திச் சுருக்க முறைகள்

ரொனால்டு ரிவெஸ்ட் வடிவமைத்த எம்.டி.5 முறை 1992இல் வெளியிடப்பட்டது. இது 128 பிட் சுருக்கம் தரும். 1995இல் வந்த எஸ்.எச்.ஏ-1 முறை 160 பிட் தரும். இன்று பரவலாகப் பயன்படும் எஸ்.எச்.ஏ-256 முறை தரும் 256 பிட்டுகள் 64 பதினறும இலக்கங்களாக எழுதப்படுகின்றன. அதன் மதிப்புகளின் மொத்த எண்ணிக்கை ஒரு 78 இலக்க எண். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் சுருக்கத்தில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் மாறிவிடும்.

வெவ்வேறான இரண்டு கோப்புகள் ஒரே சுருக்கத்தைப் பெறுவது மோதல் எனப்படும். 2004இல் சியாவுயுன் வாங்கும் அவருடைய குழுவினரும் எம்.டி.5இல் மோதலை உண்டாக்கிக் காட்டினர். 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சி.டபிள்யூ.ஐ. நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, ஒரே எஸ்.எச்.ஏ-1 சுருக்கம் கொண்ட இரு வேறு பி.டி.எஃப். கோப்புகளை வெளியிட்டன. எனவே புதிய பணிகளுக்கு இவ்விரு முறைகளையும் தவிர்ப்பதே நல்லது.

பைத்தானில் கணக்கிடும் முறை

செய்திச் சுருக்கங்களுக்கான தொகுதி ஹாஷ்லிப். இது 2006இல் வெளியான பைத்தான் 2.5 பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஒரு கோப்பின் சுருக்கத்தைப் பெறும் படிகள்:

1. ஹாஷ்லிப் தொகுதியை இறக்குமதி செய்து, எஸ்.எச்.ஏ-256க்கான வெற்றுப் பொருள் ஒன்றை உருவாக்க வேண்டும்.
2. கோப்பை இரும முறையில் திறக்க வேண்டும்.
3. ஒரு மடக்கினுள், கோப்பிலிருந்து 65536 பைட்டுகள் கொண்ட துண்டாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் அப்டேட் செயற்கூறுக்குத் தர வேண்டும்.
4. படித்த துண்டு வெறுமையாக இருந்தால் கோப்பு முடிந்துவிட்டது. மடக்கிலிருந்து வெளியேற வேண்டும்.
5. ஹெக்ஸ்டைஜெஸ்ட் செயற்கூறை அழைத்தால் 64 பதினறும இலக்கங்கள் கிடைக்கும்.

துண்டு துண்டாகப் படிப்பதற்குக் காரணம் நினைவகம். 4 ஜி.பி. கோப்பை ஒரேயடியாகப் படித்தால் சிறிய கணினி திணறிவிடும். துண்டுகளின் அளவு எதுவாயினும் விடை மாறாது. பைத்தான் 3.11 முதல், இந்த மடக்கின் வேலையை ஃபைல் டைஜெஸ்ட் என்ற ஒரே செயற்கூறு செய்துவிடுகிறது.

இரும முறை ஏன் தேவை? உரை முறையில் திறந்தால் பைத்தான் பைட்டுகளை எழுத்துகளாக மாற்றிவிடும். விண்டோஸ் கோப்புகளில் வரி முடிவைக் குறிக்கும் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளும் ஒன்றாகச் சுருங்கிவிடும். சுருக்கம் கணக்கிடப்பட வேண்டியது வட்டில் உள்ள பைட்டுகளுக்கே.

தமிழ்ச் சரங்களின் சுருக்கம்

ஹாஷ்லிப் எழுத்துச் சரத்தை நேரடியாக ஏற்காது, பிழை காட்டும். சரத்தை முதலில் யு.டி.எஃப்-8 பைட்டுகளாக மாற்ற வேண்டும். இம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள் இருப்பதால் 15 பைட்டுகள் ஆகின்றன.

ஒருங்குறியில் "கொ" என்ற எழுத்தை இரண்டு வகையாகச் சேமிக்க முடியும். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தால் 6 பைட்டுகள். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்றாகச் சேர்த்தால் 9 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சுருக்கங்களோ முற்றிலும் வேறு. ஓகார, ஔகார எழுத்துகளுக்கும் இதே நிலைதான். எனவே தமிழ்ச் சொற்களை ஒப்பிடும் நிரலில், யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்கூறைக் கொண்டு எல்லாச் சரங்களையும் என்.எஃப்.சி. வடிவத்திற்குக் கொண்டுவந்த பிறகே சுருக்கம் எடுக்க வேண்டும்.

பயன்பாடுகள்

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையத்தளத்திற்குள் நுழைந்தவர்கள், பதிவிறக்க இணைப்பை மாற்றி, உளவு நிரல் சேர்த்த கோப்பை வைத்தனர். பதிவிறக்கியவர்கள் தம்மிடம் உள்ள கோப்பு நல்லதா என்று பார்ப்பதற்காக, உண்மையான கோப்புகளின் சுருக்கங்களை அத்திட்டத்தினர் வெளியிட்டனர். இணைப்பை மாற்றக் கூடியவரால் அதே பக்கத்தில் உள்ள சுருக்கத்தையும் மாற்ற முடியும். ஆகவே சுருக்கத்தை வேறொரு நம்பகமான வழியில் பெற வேண்டும். அல்லது அதனுடன் மின்கையொப்பம் இருக்க வேண்டும்.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியம், மின்னணு ஆவணத்தைச் சான்றாகத் தரும்போது இணைக்க வேண்டிய சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட இடம் ஒதுக்கியுள்ளது. கைப்பற்றப்பட்ட நாளில் இருந்த கோப்பும் நீதிமன்றத்தில் காட்டப்படும் கோப்பும் ஒன்றே என்பதை நிறுவ இது உதவுகிறது.

நூல்களை மின்னாக்கம் செய்வோர், ஒவ்வொரு கோப்பின் சுருக்கத்தையும் பெயரையும் ஒரு பட்டியலாக எழுதி வைக்கலாம். ஆண்டுகள் கழித்து அதே நிரலை இயக்கி ஒப்பிட்டால், வட்டில் சிதைந்த கோப்பு எது என்பது தெரிந்துவிடும். நல்ல படி இருக்கும்போதே அதை மாற்றிக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

- ஒரு முறை படித்து முடித்த கோப்பை மீண்டும் திறக்காமல் இரண்டாவது சுருக்கம் எடுத்தால், வெற்றுக் கோப்பின் சுருக்கமே வரும். இரண்டு முறைகள் தேவையெனில் ஒரே மடக்கில் இரண்டையும் கணக்கிட வேண்டும்.
- சில தளங்கள் பதினறும இலக்கங்களைப் பெரிய எழுத்தில் தரும். பைத்தான் சிறிய எழுத்தில் தரும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்திற்கு மாற்றி, ஓரத்து இடைவெளிகளை நீக்க வேண்டும்.
- முதல் சில இலக்கங்களை மட்டும் கண்ணால் பார்த்து நிறைவடையக் கூடாது. முழுச் சுருக்கத்தையும் நிரலைக் கொண்டே ஒப்பிட வேண்டும்.
- பைத்தானில் இயல்பாக உள்ள ஹாஷ் என்ற செயற்கூறு இப்பணிக்கு உரியதன்று. சரங்களுக்கு அது தரும் மதிப்பு, நிரலை இயக்கும் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும்.
- கடவுச்சொற்களைச் சேமிக்க எஸ்.எச்.ஏ-256 மட்டும் போதாது. அது மிக விரைவானது என்பதால், கோடிக்கணக்கான சொற்களை முயன்று பார்ப்பது எளிதாகிவிடும். அதற்கென மெதுவாக இயங்கும் எஸ்கிரிப்ட் போன்ற முறைகள் ஹாஷ்லிப்பிலேயே உள்ளன.
- இரு சுருக்கங்கள் ஒத்திருந்தால் கோப்பு மாறவில்லை என்றுதான் பொருள். அதை உருவாக்கியவர் நேர்மையானவரா என்பதைச் சுருக்கம் கூறாது.