புதுவை தந்த முதல் ஆசிரியையர்

நுழையும்முன்

பள்ளி தொடங்குவதற்கு இடமும் பொருளும் போதும் என்று தோன்றலாம். பெண்கள் எழுத்தறிவது இழுக்கு எனக் கருதப்பட்ட காலத்தில் இவற்றினும் அரிதாக இருந்தவர் கற்பிக்கும் பெண்ணே. அவரைத் தன் மண்ணிலேயே உருவாக்கிக்கொண்ட புதுவையின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தடையும் தயக்கமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திண்ணைப் பள்ளிகளில் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே பயின்றனர். பெண்களுள் எழுத்தும் இசையும் கற்றவராகத் தேவரடியாரே அறியப்பட்டிருந்தனர். ஆதலால், குடும்பப் பெண்ணுக்குப் படிப்பு ஆகாது என்னும் எண்ணம் வேரூன்றியது. ஆண் ஆசிரியரிடம் மகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பெண் ஆசிரியரோ கிடைப்பதில்லை. படித்த பெண் இல்லாமையால் பள்ளி இல்லை. பள்ளி இல்லாமையால் படித்த பெண்ணும் இல்லை.

இரு வழிகள்

இச்சிக்கலுக்குச் சென்னை ஒரு வழி கண்டது. 1842இல் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்த பிரசன்டேஷன் சபைக் கன்னியர் அங்குப் பெண்களுக்குக் கல்விப் பணியைத் தொடங்கினர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி மற்றொரு வழியைத் தேர்ந்தது. 1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயர் போனான் தலைமையில் கூடிய குருக்கள் மன்றம் கல்வியின் தேவையை வலியுறுத்தியது. அவ்வாண்டிலேயே லூயி சவினியன் துப்புயி அடிகளார், தமிழ்ப் பெண்களைக் கொண்டே மரியன்னையின் மாசற்ற இருதயச் சபையை நிறுவினார். பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்தல் அதன் தலையாய பணியாயிற்று.

மண்ணின் மொழியில் கல்வி

அச்சகோதரியர் மாணவியரின் தாய்மொழியையே பேசினர். அவர்தம் வீட்டு வழக்கங்களை அறிந்திருந்தனர். இளமையிலேயே மணம் முடிக்கும் வழக்கம் நிலவிய காலத்தில், துறவு பூண்ட பெண்ணே தன் வாழ்நாள் முழுவதையும் கற்பித்தலுக்கு அளிக்க இயன்றது. துப்புயி அடிகளாரும் தமிழில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். முசே அடிகளாருடன் இணைந்து அவர் தொகுத்த தமிழ் - பிரெஞ்சு அகராதி 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

வரலாறு உணர்த்துவது

புனேயில் 1848இல் பெண்களுக்கான பள்ளியில் கற்பிக்கத் தொடங்கிய சாவித்திரிபாய் பூலேவும், முதலில் தம் கணவரிடம் எழுத்தறிந்து, பயிற்சி பெற்ற பின்னரே ஆசிரியையானார். சமயமும் சூழலும் வேறாயினும் இரு வரலாறுகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே: ஒரு பெண் கற்பிக்க முன்வரும்போதுதான் பல பெண்களுக்குப் பள்ளியின் கதவு திறக்கிறது. இன்று வகுப்பறைகளில் ஆசிரியையரைக் காண்பது இயல்பாகிவிட்டது. அவ்வியல்பு, ஊரார் பழிச்சொல்லுக்கு அஞ்சாமல் ஏடெடுத்த பெண்கள் ஈட்டித் தந்ததாகும்.