அல்சூரிலிருந்து புதுச்சேரிக் கடற்கரைக்கு

பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையில் நடந்து பழகிய வாண்டுகளுக்குக் கடலைக் காட்ட ஆசையா? ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி சுமார் 310 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள். ஓசூர் சாலை நெரிசலும் இருக்காது, பிள்ளைகளும் பாதி வழி தூங்கிவிடுவார்கள்.

காரில் குமட்டல் வருவது 2 முதல் 12 வயது வரைதான் அதிகம். வண்டி ஓடுவதை உள்காது உணர்கிறது. செல்போனிலேயே பதிந்த கண்ணுக்கோ எதுவும் அசைவதாகத் தெரியவில்லை. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் வயிற்றைப் புரட்டுகிறது. போனை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செஞ்சி வந்தால் பாறைமேல் பாறை அடுக்கிய குன்றுகளும் ராஜகிரிக் கோட்டையும் தெரியும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வேடிக்கை வேண்டுமா!

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குமேல் வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலை, 1836-இல் முதன்முதலாக ஒளியேற்றிய பழைய கலங்கரை விளக்கம் என்று, இப்போதுதான் நடை பழகும் குழந்தைகூட நிம்மதியாக நடக்கலாம். ஓரத்துப் பாறைகளில் மட்டும் ஏறவிடாதீர்கள், பாசி வழுக்கும். மணலில் இறங்கினால், கணுக்கால் அளவுத் தண்ணீரிலும் பிள்ளையின் கையைப் பிடித்தே இருங்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்க வேண்டாம்.