துறைமுகத்துக் கப்பலும் மாணவர் வாதமும்

1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கியபோது ‘சகாயிங்’ என்னும் பிரித்தானியக் கப்பல் தீக்கிரையாயிற்று. நெடுங்காலம் நீருள் கிடந்த அதனை 2018இல் இலங்கைக் கடற்படையினர் மேலே எழுப்பினர். அக்கப்பல் எவருக்கு உரியது? பழைய உடைமையாளருக்கா, அரசாங்கத்துக்கா? சட்ட மாணவர் போட்டியிட்டு வாதாடும் மாதிரி நீதிமன்றுக்கு இத்தகைய வினாவே ஏற்றதென நாம் கருதுகின்றோம்.

1960இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜெசப் போட்டியிலே ஒவ்வோர் அணியும் வழக்கின் இரு தரப்புக்கும் எழுத்துமூல வாதம் வரைதல் வேண்டும். ஒரு சுற்றில் மறுத்ததை மறு சுற்றில் தாமே நிலைநாட்ட நேரும். நடுவர்களோ இடைமறித்து வினாத் தொடுப்பர். எதிர்த்தரப்பின் நியாயத்தை அறியாதார் தம் நியாயத்தையும் முற்ற அறியார் என்பதே அங்கு மாணவர் பெறும் பாடம்.

எனினும், அப்போட்டி நிகழ்வது ஆங்கிலத்தில். நம் கிழக்கு மாகாணத்திலோ, 1988ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் நீதிமன்ற மொழியாகும். மூதூர் மீனவர் ஒருவர் தம் வலைக்காக வழக்காட வரும்போது, அவருடைய சட்டத்தரணி தமிழிலே தடுமாறலாமோ? மாதிரி நீதிமன்றுகள் தமிழிலும் பெருகுதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.